இரண்டு மைல் கிட்ட வந்த பேரையூர்

பசுமலையில் பஸ் நின்றுபோனது. டிரைவர் இறங்கிப்போய் முன்னால் ஹாண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன் ஆசனத்தில் இருந்த வாலிபன், பக்கத்து மீசைக்காரரிடம் சாவகாசமாகச் சொன்னான்:

"நம்ம சின்ன லாரிக்கு டயரு மாத்துனதுல பேரையூரு ரெண்டு மைலு கிட்ட வந்துருச்சுண்ணே."

நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"ஊரு எப்படிடா கிட்ட வரும்?"

"இது கொஞ்சம் பெரிய டயருண்ணே. சக்கரம் பெருசானா உருளுறது கொறையும்ல. மைல் மீட்டரு உருளுறதத்தான எண்ணுது."

"எண்ணிட்டுப் போகுது. அதுனால உனக்கென்ன?"

"திருப்பரங்குன்றத்துல எனக்குப் பொண்ணு பாத்திருக்காகல்ல. இருபத்தஞ்சு மைலுக்கு அங்கிட்டு எம்மகளக் குடுக்க மாட்டேன்னு பொண்ணோட ஆத்தா ஒத்தக் கால்ல நின்டுச்சு. பழைய டயருல எங்க ஊரு இருபத்தாறு காட்டும். பெரிய டயர மாட்டி, அந்தம்மாவையே லாரியில ஏத்திக்கிட்டு பேரையூருக்குப் போனேன். இருபத்தி நாலு."

"நம்பிருச்சா?"

"மீட்டர அதுவே குனிஞ்சு பாத்துச்சுண்ணே. தட்டு மாத்தியாச்சு."

"பெரிய டயரு மட்கார்டுல உரசாதாடா?"

"உரசத்தான் செய்யுது. தாலி கட்டுன மறுநாளே பழைய டயர மாட்டிருவேன்."

"உரசுறதுக்காகவா?"

"அதுக்கில்லண்ணே. மாமியா வீடு அம்புட்டுக் கிட்ட இருந்தா நல்லாருக்காது."