சிங்கக் குலத்துக்காரனும் வான்கோழியும்

இல்லம்மா, சிரிக்காதீங்க. இது என் கோட்டு இல்ல, செத்தவன் கோட்டு. கண்ணாடியும் அவனோடதுதான். இதைப் போட்டா உங்க மூஞ்சியே புகையாத் தெரியுது. இதை மாட்டிக்கிட்டு அவன் எப்படித்தான் ரெண்டு பாஷைல எழுதினானோ.

நீங்க ஹராரே பட்டணத்துல வளர்ந்தவங்க, இந்த வழக்கத்தைப் பார்த்திருக்க மாட்டீங்க. நான் இந்தச் செத்துப்போன சகனேட்சாவோட சஹ்விரா. எங்க அப்பன் காலத்துலேருந்து ரெண்டு குடும்பத்துக்கும் அந்த உறவு. அவங்க வீட்டுல யார் போனாலும் எங்காளு வந்து, போனவன் துணியை மாட்டிக்கிட்டு, அவனை மாதிரியே நடந்து பேசி மானத்தை வாங்கணும். எங்க வீட்டுச் சாவுக்கு அவங்க வரணும். ஒருத்தரும் கோவிச்சுக்கக் கூடாது. பெட்டி குழிக்குள்ள இறங்கறதுக்குள்ள ஊரே சிரிச்சிருக்கணும். இன்னிக்கு என் முறை. முப்பது வருஷமாக் காத்திருக்கேன்.

எதுக்கா? அவன் நம்ம ஷோனா பாஷைல எழுதின புத்தகம் நீங்க படிச்சதில்ல? கையிலயே வெச்சிருக்கீங்களே! அதுல ஒருத்தன் வான்கோழிக்குப் பயந்து கோழிக்கூட்டு மேல ஏறுவான், கூடு சரிஞ்சு முட்டை மேல உட்காருவான்... ஆங், அவனேதான். நல்லாப் பார்த்துக்கங்க.

நடந்தது நிஜம்தான், இல்லைங்கல. ஆனா அம்மான்னு கத்தினேன்னு எழுதியிருக்கான் பாருங்க, அது பச்சைப் பொய். கத்தறதுக்கு மூச்சு எங்க இருந்துச்சு? அதுவும் எங்க குலம் எது? ஷூம்பா, சிங்கம். ஊர்ல பெரியவங்க கூட ஷூம்பா, ஷூம்பான்னு மரியாதையாக் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துல பாடமா வெச்சாங்க, அதோட போச்சு. வேலியோரமாப் போற பசங்க எல்லாம் கொலகொலகொலன்னு வான்கோழி மாதிரியே... ஒருநாள் என் பொண்டாட்டி கூட அடுப்படியிலேருந்து செஞ்சாம்மா.

நேரா அவன்கிட்டப் போனேன். டேய், நீயெல்லாம் ஒரு மனுஷனான்னேன். அவன் பாட்டுக்கு இதே கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, கோவப்படாத ஷூம்பா, இங்கிலீஷ் புத்தகத்துல உன்னைப் பெரிய ஆளாப் போட்டிருக்கேன்னான். எனக்கு ஏது இங்கிலீஷ்? நாலாவதோட முடிஞ்சுது. வாத்தியாருக்கு ஒரு பானை பீர் வாங்கி வெச்சு, படிச்சு அர்த்தம் சொல்லச் சொன்னேன். அடேயப்பா! அதுல நான் நடந்தா பூமி அதிருது. வாயே திறக்கறதில்ல. மலையைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். பக்கம் பக்கமா நிக்கறேன். வாத்தியார் தூங்கிட்டாரு.

சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பாதி வழியிலதான் உறைச்சுது. இங்க யாரும்மா அதைப் படிக்கிறா? லண்டன்ல எவனோ என்னை நினைச்சு மலைச்சுப் போறான், இங்க வேலியோரத்துல கொலகொலகொல. திரும்பிப் போய், மாத்தி எழுதுடான்னேன். வெள்ளைக்காரன் வேணா சிரிச்சுட்டுப் போகட்டும், அவனா என் வேலியோரமா நடக்கப் போறான்?

முடியாதுன்னுட்டான். ஷோனால எழுத உட்கார்ந்தா நீ பக்கத்துல வந்து உட்கார்ந்து என் பீரையும் சேர்த்துக் குடிக்கிற, இங்கிலீஷ்ல எழுதறப்ப நீ எங்கயோ தூரத்துல நிக்கிற, மரியாதை தானா வந்துடுதுங்கறான். இதெல்லாம் ஒரு பதிலா?

சாவுடா, அன்னிக்கு வெச்சுக்கறேன்னு அப்பவே சொல்லிட்டேன். எல்லாம் தயார். மாமனார் வீட்டுல கையால சாப்பிடற சாட்ஸாக் களி உருண்டையை முள்ளுக்கரண்டியால குத்தினது, மாட்டை இங்கிலீஷ்ல அதட்டினது, அது திரும்பி அவனையே முட்ட வந்தது, ஒண்ணு விடல.

ஆனா காலைல அவன் சம்சாரம் இந்தக் கோட்டைக் கொடுத்துட்டு, நல்லா செய் ஷூம்பா, அவரு உனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுத்தான் போயிருக்காருன்னா. என்னத்தச் செஞ்சான்னேன். அவனுக்குச் சின்ன வயசுலயே நெஞ்சுக் கோளாறு. பிள்ளைங்களும் லண்டன்ல, ஷோனா அரைகுறை. ஷூம்பா எனக்கப்புறம்தான் போவான், அன்னிக்கு அவனைக் கேலி பண்ண நம்ம வீட்டுல ஆள் இருக்காது, அதான் வான்கோழியை முன்னாடியே எழுதி வெச்சுட்டேன்னு அவகிட்டச் சொன்னானாம். முப்பது வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, திருட்டுப்பய.

கொட்டு ஆரம்பிச்சுட்டாங்க, நான் போகணும். சஹ்விரா அழக் கூடாதும்மா, அதான் உங்களைப் பிடிச்சு இவ்வளவு நேரம் வளவளன்னு பேசிட்டேன்.

அந்தப் புத்தகத்தைத் தொலைச்சுடாதீங்க. நான் பெட்டியில படுக்கற முறை வந்தா சொல்லி அனுப்புவாங்க. நீங்க வந்து அந்த வான்கோழிப் பக்கத்தை வாசிச்சுடணும். இங்கிலீஷ் வேணாம், ஜனங்க தூங்கிடும். அப்புறம் அந்த அம்மான்னு கத்தற இடம் இருக்குல்ல, அதை விட்டுடாதீங்க. கொஞ்சம் பலமாவே கத்துங்க.