ரோஜா நிறத் தேங்காய்ப்பூத் துண்டு

தேங்காய்ப்பூத் துண்டு மெத்தென்று இருக்க வேண்டுமானால், முதலில் சோப்புத்தூளைக் குறைக்க வேண்டும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று அள்ளிக் கொட்டுகிறார்கள். எவ்வளவு அலசினாலும் அந்தத் தூள் இழைக்குள் தங்கிவிடும். காய்ந்ததும் துண்டு அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு முதல் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

பெயர் அம்சவேணி. வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே இருக்கும் இந்த ஆறு அறை விடுதியை நானும் என் தம்பி தமிழ்செல்வனும் நடத்துகிறோம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்கு இருபது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தியாகம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. குளித்துவிட்டு வருகிறவனுக்குத் தலை துவட்டிவிட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவன் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை துவட்டிவிட்டேன்.

இந்த மலையில் துண்டு காயவைப்பது லேசான காரியம் இல்லை. மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும். அப்புறம் கொடியில் கிடப்பதெல்லாம் வீச்சம்தான். காலையிலேயே போட வேண்டும். போடுமுன் இரண்டு முனையையும் பிடித்துப் பத்துத் தடவை உதற வேண்டும். முக்கால் ஈரம் போனதும் எடுத்து, மறுபடி உதறி, நிழலுக்கு மாற்ற வேண்டும். போர்த் தண்ணீர் ஆகாது, ஊற்றுத் தண்ணீர்தான். கடைசி அலசலுக்கு ஒரு மூடி வினிகர். அந்த நீலப் பாட்டில் வாசனைத் தண்ணீர் கூடவே கூடாது. ஊற்றினால் துண்டு வழுவழுவென்று ஆகி, ஈரத்தையே உறிஞ்சாது.

சத்யா பேளுக்குறிச்சிப் பெண். மிளகு விற்கச் சந்தைக்குப் போன இடத்தில் தமிழ் அவளைப் பார்த்தான், பிடித்துப்போனது. நல்ல பெண். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வந்த நாளிலிருந்து மூன்று கை சோப்புத்தூள், அரை பாட்டில் வாசனைத் தண்ணீர். சுருட்டியபடியே கொடியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவள் துவைத்ததையெல்லாம் நான் மறுபடி துவைத்தேன். இரண்டு வருடம் மேடம்.

"சாமி, உதறிப் போடு கண்ணு. உதறுனாத்தான் பூ எந்திரிக்கும்" என்பேன்.

"பூ எந்திரிக்கறதுக்குள்ள எங்கையி கழண்டு உழுந்துருமுங்க அண்ணி. துண்டுனா தொடைக்கத்தானுங்க, அதுக்கு இத்தன சேவகமா?"

தமிழ் சிரிப்பான். அவளைப் பார்த்துக்கொண்டு சிரிப்பான்.

குழந்தை பிறந்து மூன்றாம் மாதம், சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "ஏனுங்க, தொவைக்கற மெஷினும் காயவைக்கற மெஷினும் வாங்கிப் போட்டர்லாமுங்க. அண்ணி இனியாச்சும் ஓஞ்சு உக்காரட்டும்."

"வாங்கிர்லாம். அக்கா எத்தன நாளைக்குத்தான் கை வலிக்க உதறும்?" என்றான் தமிழ்.

என் கை வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வேலியோரம் பூனைக்காலி படர்ந்து கிடக்கிறது. அதன் காய்மேல் பொன்னிறத்தில் பொடி மயிர்போலச் சுணை இருக்கும். பட்டால் தோல் தீயாக அரிக்கும். மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், சந்தைப் பக்கத்துப் பெண்ணுக்குத் தெரியாது. விறைத்த துண்டில் சுணை நிற்காது, உதிர்ந்துவிடும். இழை நன்றாக எழுந்து நிற்க வேண்டும், அப்போதுதான் உள்ளே தங்கும். அதனால் சத்யாவின் ரோஜா நிறத் துண்டை நானே துவைக்க ஆரம்பித்தேன். இந்த வீட்டிலேயே மெத்தென்ற துண்டு அதுதான்.

"அண்ணிக்கு எம்மேல எத்தன பிரியம் பாருங்க" என்று தமிழிடம் அதைக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள்.

தமிழ் அதைத் தொடவில்லை. ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கி வைத்திருக்கிறேன். அவனுடையது நீலம்.

அப்புறம் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. நாமக்கல் டாக்டர் அலர்ஜி என்றார். அவள் கத்தரிக்காயை விட்டாள், மீனை விட்டாள், சோப்பை மாற்றினாள். இரண்டு முறை அம்மா வீட்டுக்குப் போனாள். போனதும் சரியானது. அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்துவிட்டாள்.

"எனக்கு அரிச்சா அரிச்சுட்டுப் போவுதுங்க அண்ணி. அவுரு இங்கதான இருக்காரு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்யா குழந்தை பூங்குழலியைக் குளிப்பாட்டிவிட்டுத் துண்டு கேட்டாள். நாற்காலியில் மடித்து வைத்திருந்ததைத் தமிழ் எடுத்து வந்து, குழந்தையை முகத்தோடு சேர்த்துச் சுற்றித் தூக்கினான். குழந்தை வீறிட்டது. அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். மாட்டுக் கொட்டத்துக்குப் போய்ப் பசுஞ்சாணத்தை எடுத்து முழங்கைவரை பூசிக்கொண்டான்.

"என்னங்க இது, புள்ள கத்துது, நீங்க சாணியப் போயி..." என்றாள் சத்யா.

பூனைக்காலிச் சுணைக்கு இங்கே சாணம்தான் பூசுவோம். சின்ன வயதில் அவன் வேலியில் விழுந்தபோது நான்தான் பூசிவிட்டேன். இப்போதும் கையில் அரிப்பு அடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எத்தன நாளாக்கா?"

"துண்டு மாறிப்போச்சு சாமி" என்றேன்.

குழந்தையின் இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். தமிழ் என்னோடு பேசுவதில்லை.

துண்டு மாறவில்லை மேடம். குழந்தையின் வெள்ளைத் துண்டைக் காலையிலேயே வாளியில் முக்கிவிட்டு, ரோஜா நிறத்தை நாற்காலியில் நான்தான் வைத்தேன். தன் அரிப்பைப் பொறுத்துக்கொண்டவள் குழந்தையின் அரிப்பைப் பொறுக்கமாட்டாள், போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். கண்ணில் படும் என்று நினைக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சுணையைத் தூவும்போதெல்லாம் என் கண்ணை மூடிக்கொண்டுதான் தூவினேன்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம். ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள். கொடியில் அவனுடைய நீலத் துண்டு கிடக்கிறது, முக்கால் ஈரம் போயிருக்கும். உதறி நிழலில் போட்டுவிட்டு வருகிறேன். கோபம் தணிந்ததும் ஈரத்தலையோடு இங்கேதான் வந்து நிற்பான். துவட்டிவிட என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?