சேற்றில் இறங்கிய பிரெஞ்சுப் படை

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையிலிருந்து பல்லாவரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கெதிரே இரண்டு பேர். இருவர் சட்டையிலும் வெல்டிங் பொறி சுட்ட ஓட்டைகள். ஒருவர் போனில் போர் விளையாட்டு.

"ஒரே மழை மச்சான், பிரான்ஸே காலி," என்றார் போன்காரர். "உழுத நெலம். தலைலேருந்து கால் வரைக்கும் இரும்பு போட்டுகினு எறங்குனானுங்க. எதிர்ல இங்கிலீஷ்காரன் வில்லோட நிக்கிறான். அறுநூறு வருஷம் முன்ன நெஜமாவே நடந்தது. நானும் பிரான்ஸ் பக்கம் ஆடி ஒரு வாரமா தோக்கறேன். இன்னிக்கும் தோத்தா கேமையே போன்லேருந்து தூக்கிடுவேன்."

மற்றவர் சிரித்தார். "லூசுப் பசங்க. வெள்ளத்தப்போ அனகாபுத்தூர்ல அம்மாவ முதுகுல தூக்கிகினு தெருமுனை வரைக்கும் வந்தேன். வெறும் லுங்கிதான். அதுக்கே ஒவ்வொரு காலையும் சேத்துலேருந்து புடுங்கி வைக்கணும். இவனுங்க பாதி வழிலயே வுழுந்திருப்பானுங்க."

"இல்ல மச்சான். அம்பு கொட்டுது, பக்கத்துல வரவன் வுழுவுறான். அப்பவும் நடந்து போய்ச் சேந்தானுங்க. சேந்தப்புறம் கத்தியத் தூக்கத்தான் கையில தெம்பில்ல."

சிரிப்பு நின்றது. சிரித்தவர் தன் முழங்காலைப் பார்த்தார்.

"அவ்ளோ இரும்போட போய்ச் சேந்தாங்களா?"

அனகாபுத்தூர் நிறுத்தம் வந்தது. அவர் இறங்கவில்லை.

"கேமைத் தூக்காத," என்றார். "நானும் உன் வூட்டுக்கு வரேன். அவங்களக் கரையேத்திட்டு அப்புறம் போறேன்."