லைலாக் புதரடியில் உடைந்த கல்

என் பெயர் ஜொஸெட் திபோடோ, வயது 23, த/பெ ரெமி திபோடோ, மில் தெரு, வெஸ்ட் ஹால்போர்ட், நியூ ஹாம்ப்ஷயர். தகப்பனார் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறார். நான் கல்லூரி முடித்து ஊர் நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன்.

ஹேலி ஸ்டார்க்வெதர் என்ற பெண்ணும் நானும் இந்தக் கோடையில் பழைய கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய கற்களைப் படித்துவந்தோம். நான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்வேன், ஹேலி படிப்பார். அங்குள்ள பெயர்களில் பாதி அவர் குடும்பப் பெயர். "உன் ஆளுங்க ஒருத்தர்கூட இங்க படுத்திருக்கலயே, உனக்கு என்னடி இவ்ளோ ஆசை?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார்.

நெடுங்காலமாகக் காணாதிருந்த மெஹிட்டபெல் ஸ்டார்க்வெதரின் கல்லை லைலாக் பூப்புதருக்குள் முதலில் கண்டது நான். அதைப் பற்றிய செய்தித்தாள் படத்தில் ஹேலி கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய கையும் கண்ணாடியும் மட்டும் ஓரத்தில் வந்தன. ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பிவரும் ஆகஸ்ட் விழாவில் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் பொறுப்பும் அவருக்கே தரப்பட்டது.

அதன் பிறகு சென்ற செவ்வாய் மாலை அவர் தாளும் மெழுகுக்கட்டியும் எடுத்துக்கொண்டு போவதைக் கண்டு, பின்னாலேயே போய் ஒரு பெரிய கல்லின் மறைவில் நின்றேன். கல்லின் மேல் தாளை வைத்து மெழுகால் தேய்த்து எழுத்தைப் படி எடுப்பார், கல் கெடும் என்று காத்திருந்தேன். அவர் விரல்முட்டியால் மெஹிட்டபெல்லின் கல்லைத் தட்டினார். உள்ளே பிளந்துபோன சிலேட்டுக்கல்லின் வெற்றொலி எனக்கும் கேட்டது. "ஏ கெழவி, உள்ள பூரா விட்டுப்போச்சே உனக்கு. நான் தொடலம்மா," என்று கல்லிடம் சொல்லிவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் இன்னும் அங்கேயே நிற்கையில், தோட்டக் காவலர் வெண்டல் ஹோய்ட் ஓட்டிவந்த புல்வெட்டும் வண்டியின் சக்கரம் கல்லில் மோதி, எழுத்துள்ள முகப்பு முழுவதும் உதிர்ந்தது. அவர் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள், ஹேலி தேய்த்து உடைத்ததாக வெண்டல் கொடுத்த புகாரின் பேரில் ஹேலியின் காரிலிருந்து மெழுகு கைப்பற்றப்பட்டது. அவர் தோட்டத்துக்குள் நுழையத் தடை விதித்து, விழாப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். விழாக் குழுத் தலைவி முதல்முறையாக என் பெயரைச் சரியாக உச்சரித்தார். நான் புதுச் செருப்பு வாங்கினேன்.

இன்று காலை ஹேலி நூலகத்துக்கு வந்தார். "நீயாச்சும் நம்புறியா, நான் தொடலன்னு?" என்றார். நம்புகிறேன் என்றேன். "எப்படிடி அவ்ளோ உறுதியா சொல்ற?" என்று கேட்டார். நூலகத்திலிருந்து கிளம்பி நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அதிகாரி கேட்டதன் பேரில் சொல்வதாவது: ஹேலி எனக்குத் தோழி அல்ல. அவரே உடைத்திருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் உடைக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உண்மையாக எழுதப்பட்டுள்ளது.

(ஒப்பம்) ஜொஸெட் திபோடோ