முதல் நாள் படத்தோடு ஒட்டாத உடம்பு

15.07.2025 அன்று முற்பகல் 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜரான சென்றாயன், வயது 54, த/பெ சின்னுசாமி, வளப்பூர் நாடு, கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம் என்பவர் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து மிளகும் மரவள்ளியும் பயிர் செய்து வருகிறேன். 13.07.2025 ஞாயிற்றுக்கிழமை இறந்துபோன கண்ணாயி, வயது 48, என் மனைவி. அவள் வாயில் களியைத் திணித்து நான் கொன்றுவிட்டதாக அவளுடைய அண்ணன் மாரப்பன் கொடுத்த புகார் குறித்து இன்று என்னை விசாரித்தார்கள்.

கடந்த சித்திரை மாதம் என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் இருப்பதாகச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு ஸ்கேன் எடுத்து, தலை அசையாமல் இருக்க அவள் முகத்தின் அளவுக்கு ஒரு முகமூடி செய்தார்கள். விழுங்குவது மூச்சுக்குழலுக்குள் போய்விடுகிறது என்பதால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து, கஞ்சியை அதில் மட்டுமே ஊற்ற வேண்டும், வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்று சொன்னார்கள். இதை எனக்கு இரண்டு முறை சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

18.06.2025 முதல் வாரந்தோறும் திங்கள் தொடங்கி வெள்ளி வரை சேலத்தில் தங்கியும், சனி ஞாயிறு ஊருக்கு வந்தும் சிகிச்சை பெற்றோம். கதிர்வீச்சு அறையில் கூரையிலிருந்து மூன்று கேமராக்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே வேலை செய்யும் அருள்மொழி என்ற பெண் வெளியே இருந்த திரையை எனக்குக் காட்டினார். முதல் நாள் ஸ்கேனில் எடுத்த உடம்பு ஒரு நிறத்திலும், இன்று படுத்திருக்கும் உடம்பு வேறு நிறத்திலும் தெரிந்தன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் கதிரைத் திறப்போம், நூலளவு விலகினாலும் நிறுத்திவிடுவோம் என்றார். அந்தக் கேமராவின் மேல் எனக்கு டாக்டரை விட நம்பிக்கை வந்தது. பதினேழு நாள் பொருந்தியது. கழுத்தில் இருந்த கட்டியும் பாதியாக வற்றியிருந்தது.

11.07.2025 வெள்ளிக்கிழமை அவளை உள்ளே அழைத்துப்போய் அரை மணி நேரம் கழித்துச் சிகிச்சை கொடுக்காமல் வெளியே கூட்டி வந்தார்கள். அருள்மொழி என்னிடம், “உடம்பு ரொம்ப எளைச்சுப் போச்சுங்க. மொத நாள் படத்தோட ஒட்டி வரலீங்க. திங்கக்கெழமை திரும்ப ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமுங்க” என்றார். அதன் பிறகும் ஏதோ விளக்கிச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நானே முடிவு செய்கிறவன் என்று என் மனைவி என்னைப் பல வருடமாகத் திட்டுவாள்.

முள்ளுக்குறிச்சி வழியாக எங்கள் ஊருக்கு வரும் பேருந்தில் ஏறினோம். எங்களிடம் மிளகு வாங்கும் வியாபாரி முதலில் மாதிரிக்கு ஒரு பிடி எடுத்து வைத்துக்கொள்வார். பிறகு கொண்டுபோகும் மூட்டை அந்தப் பிடியோடு ஒத்துவரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். முதல் நாள் படம் அந்தப் பிடி என்றும், திங்கட்கிழமையும் ஒத்துவராவிட்டால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்றும் பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அருள்மொழியின் கைப்பேசி எண் என்னிடம் இருந்தும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கஞ்சியைக் கூடுதலாகக் குழாயில் ஊற்றினேன். அவள் கன்னம் அப்படியேதான் இருந்தது. கஞ்சி நோயாளிக்கு ஆகும், உடம்பு ஏறக் களிதான் வேண்டும் என்று நினைத்தேன். களியை மெல்ல வேண்டியதில்லை, குழம்பில் தோய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்பதால் அவள் தொண்டைக்கு அது சிரமம் இல்லை என்றும் நினைத்தேன். ஞாயிறு மதியம் கேழ்வரகுக் களி கிண்டி, மொச்சைக் குழம்பு வைத்தேன். அவள் இரண்டு முறை தலையை ஆட்டி மறுத்தாள். “வேண்டாங்க, எறங்காதுங்க” என்றாள். நான், “நாளைக்குக் கேமரா உன்னையத் திருப்பி அனுப்பிருச்சுன்னா நான் என்ன புள்ள பண்ணுவேன்” என்று சொல்லி அழுதேன். அதன் பிறகு அவளே வாயைத் திறந்தாள். முதல் உருண்டை இறங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்துத்தான் அவள் இரண்டாவது உருண்டையையும் வாங்கினாள். அது அடைத்துக்கொண்டது. முதுகில் தட்டினேன், விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சதீஷ்குமார் ஜீப்பில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், என் மடியில் அவள் உயிர் போய்விட்டது.

நான் திணிக்கவில்லை. கெஞ்சினேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. மாரப்பன் தன் தங்கையைப் பறிகொடுத்தவர், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

14.07.2025 திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் பிணவறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அருள்மொழி கைப்பேசியில் அழைத்து, “ஏனுங்க, இன்னும் வரலீங்களா?” என்று கேட்டார். “உடம்பு ஒட்டலீன்னா திருப்பி அனுப்பிருவீங்களாங்க?” என்று கேட்டேன். அதற்கு அவர், “அய்யோ, இல்லீங்க. இப்ப இருக்கற உடம்புக்குத் தகுந்த மாதிரி நாங்க படத்தை மாத்திக்குவோமுங்க. புது முகமூடியும் செஞ்சுக்கலாம். எளைச்சிருந்தா இருந்துட்டுப் போகட்டும், அப்படியே கூட்டிட்டு வாங்க” என்றார். அவள் இறந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வாரோமுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். நேற்று மாலை வரை நான்கு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. காவல் நிலையத்திலிருந்து யாராவது அவருக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

(ஒப்பம்) சென்றாயன்

என் முன்பாக,
உதவி ஆய்வாளர்