இஸ்திரிப் பெட்டியில் குறி

அடுத்தவர் பேச்சை எழுதுவது சரியில்லைதான், மன்னியுங்கள். உத்திரமேரூர் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவர்களுக்குத் துப்பாக்கி சுடும் சோதனை. மூத்தவர் மெதுவாகச் சொன்னார்:

“வருசத்துக்கு ஒரு தபாதான் குண்டு தராங்க. அதான் வூட்ல ஸ்டிக்கர் பொட்ட செவுத்துல ஒட்டி, இஸ்திரிப் பெட்டிய நீட்டிப் புடிச்சிக்கினு குறி பாக்கறேன்.”

“அண்ணி இன்னா சொல்றாங்கண்ணே?”

“சிரிக்கிறா. கை இப்ப ஆடல. சத்தம் கேட்டாதான் கண்ணு மூடிக்குது. போன வருசம் என் குண்டு பக்கத்து ஆளு அட்டையில பட்டுச்சு. அவனுக்குக் கைதட்டினாங்க.”

“இஸ்திரிப் பெட்டி வெடிக்காதேண்ணே!”

“சிரிக்காதப்பா. நாளைக்கும் குறி தப்பிச்சினா, புதுசா சேந்த பசங்களோட நிக்க வெச்சி கத்துக் குடுப்பாங்க.”

மறுநாள் மாலை இருவரும் அதே பேருந்தில் ஏறினார்கள். மூத்தவர் பக்கத்தில் இடம் இருந்தது. “ஒரு தபா குறி தப்பினா இன்னாப்பா, இஸ்திரிப் பெட்டிய தரேன், வா” என்றார் அவர். இளையவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.