பச்சையாக இறங்கிய எண்கள்

கண்ணை உறுத்தாத நிறமாகப் பார்த்து கம்ப்யூட்டர் டெர்மினல் திரை அமைத்துக் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, ஐயா. ஆஸ்பத்திரிக் கட்டுப்பாட்டு அறையில் கறுப்புத் திரையில் எழுத்துதான் ஓடும். வார்டுகளுக்குப் போகும் ஆக்சிஜன் அழுத்தம் சரியாக இருந்தால் வரி பச்சை, குறைந்தால் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தவனே நான்தான்.

பக்கத்து நாற்காலி என் தங்கை புருஷனுடையது. வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். மேற்பார்வையாளர் பதவி கிடைத்ததோ அவருக்கு. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆளும் வாய்ச்சவடால்.

"எழுத்தையெல்லாம் யாரு படிக்கிறது மச்சான்? கலர் மாறினா பாத்துக்கலாம்," என்பார்.

எச்சரிக்கை மணியை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அணைத்து வைத்திருந்தோம். அற்பத்துக்கெல்லாம் அலறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரம், அவருடைய டெர்மினல் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். இந்தத் திரைக்கு எட்டு நிறம்தான் தெரியும் என்று எழுதினேன். எட்டில் பச்சை உண்டு, ஆரஞ்சு கிடையாது. ஆரஞ்சில் வரவேண்டியது, முந்தைய வரியின் பச்சையிலேயே வந்துவிடும்.

ஏதாவது சில்லறை எச்சரிக்கையைக் கோட்டைவிட்டு, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். யாரும் சாகவேண்டும் என்று நினைக்க நான் என்ன கொலைகாரனா?

வந்தது சில்லறை இல்லை. குழாய் இணைப்பு விட்டுப்போய் தீவிர சிகிச்சை வார்டில் அழுத்தம் இறங்கியது. அவர் கண்ணெதிரே எண்கள் பச்சையாகவே இறங்கின. அவர் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓடிவந்து கத்தியபோதுதான் எழுந்தார். அதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள்.

அந்தக் களேபரத்தில் அவருடைய அமைப்பைப் பழையபடி மாற்றிவைத்தேன். நீங்கள் வந்து அந்த வரிகளைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தபோது ஆரஞ்சு பளிச்சென்று தெரிந்தது. அதனால்தானே அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?

நேற்று தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சையாத்தான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்றாருண்ணா. யாருமே நம்பமாட்டேங்கறாங்க. நீ பக்கத்துலதானே இருந்தே?"

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொல்வது நிஜம், ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன். பொறாமையில் செய்த சின்ன விஷமம், கை மீறிப் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்னும் என் திரையைப் பற்றிக் கேட்கவில்லை. அதிலும் அதே எண்கள்தான் இறங்கின, ஆரஞ்சில். முதல் வரியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எப்போது கவனிப்பார் என்று காத்திருந்தேன்.